மாரடைப்புக்குப் பிறகு கொழுப்பு மாத்திரையை விடாமல் சாப்பிடுவது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓர் அரசாங்கக் கிளினிக்கின் மருந்துக் கவுண்டரில் 26 வருஷம் வேலை பார்த்தேன். தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் என்னை ‘மிஸி’ என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்து உறையின் மேல் மலாயில் அச்சடித்திருக்கும்: ‘மாக்கான் 1 பிஜி, 1 காலி செஹாரி, மாலாம்.’ ஒரு நாளைக்கு ஒரு தடவை, ராத்திரியில் ஒரு மாத்திரை என்று அர்த்தம். அதைப் படிக்க முடியாத பாட்டிகளுக்காக உறையின் மூலையில் பேனாவால் ஒரு பிறை போட்டுக் கொடுப்பேன். பிறை என்றால் ராத்திரி மாத்திரை. காலை மாத்திரைக்கு ஒரு வட்டம், சுற்றி நாலு கோடு. நான் பிறை போட்ட உறைகளில் பெரும்பாலானவை கொழுப்பு மாத்திரை உறைகள்தான்.

ஊருக்கெல்லாம் பிறை போட்டவள், சொந்த அண்ணன் விஷயத்தில் கோட்டை விட்டேன்.

அண்ணன் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். 2019-இல் தீபாவளி முடிந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. காலையில் பசியாறிவிட்டு லாரியை எடுத்தவர், மில்லுக்குப் போகும் வழியில் நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று வண்டியை ஓரங்கட்டினார். அப்போது அவருக்கு 57 வயது. ஈப்போவில், அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயை வைத்து, ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பையில் ஐந்து வகை மாத்திரை. மறுநாள் நான் போய் ஒவ்வொன்றுக்கும் வட்டமும் பிறையும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

கொரோனாவுக்காகப் போட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தளர்ந்த பிறகு, 2020 ஜூனில்தான் மறுபடி அந்த வீட்டுக்குப் போக முடிந்தது. அண்ணி ஒன்றும் பேசாமல் சமையலறை அலமாரியிலிருந்து ஒரு மைலோ டின்னை எடுத்து என் முன்னால் வைத்தார். உள்ளே பிரிக்காத மாத்திரை அட்டைகள். எண்ணினேன், 11 அட்டை, அட்டைக்குப் பத்து. எல்லாம் ஒரே மருந்து, அட்டோர்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரை. மற்ற நாலு மருந்தையும் அண்ணன் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறார். இதை மட்டும் மூன்றரை மாதமாகத் தொடவில்லை.

“பிப்ரவரியில ரத்தம் எடுத்தப்ப கொழுப்பு நல்லா இறங்கிடுச்சுன்னு டாக்டரே சொன்னாரும்மா. அப்புறம் எதுக்கு?” என்றார் அண்ணன்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. அந்தக் கேள்விக்கான பதிலை முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும். கவுண்டரில் நின்ற இத்தனை வருஷத்தில் நான் கண்டது இதுதான்: மாரடைப்பு வந்தவர் முதலில் கைவிடும் மாத்திரை இதுதான். ரத்த அழுத்த மாத்திரையை விட்டால் மெஷினில் தெரியும். இதை விட்டால் உடம்பில் எதுவுமே தெரியாது. அதனால் தொடர்ந்து சாப்பிட என்ன செய்ய வேண்டும் என்பதை, தெரிந்தவரையில் விவரமாக எழுதுகிறேன். நோயாளியைவிட அவரைப் பார்த்துக்கொள்கிற மனைவியோ பிள்ளையோ படித்தால் இன்னும் நல்லது.

முதலில், இது எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

மாரடைப்பில் இதயத் தசையின் ஒரு பகுதி ரத்தம் கிடைக்காமல் செத்துப்போகிறது. அந்த இடத்தில் தழும்பு விழும். அது கெட்டிப்பட ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். கொழுப்பு மாத்திரை செத்த தசைக்கு உயிர் கொடுக்காது. தளர்ந்த இதயத்தை இது பலப்படுத்துமா என்று தனியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இதயத்துக்கு ரத்தம் போதாமல் அதன் பம்ப் சக்தி குறைந்துபோன 5,011 முதியவர்களை எடுத்து, பாதிப் பேருக்கு ரோசுவாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரை கொடுத்தார்கள். கொழுப்பு நன்றாக இறங்கியது. ஆனால் இறப்பு குறிப்பிடும்படி குறையவில்லை. ஆக, “மாத்திரை சாப்பிட்டும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதே” என்று கொழுப்பு மாத்திரையின் மேல் கோபப்படாதீர்கள். மூச்சு வாங்குவதைக் கவனிக்கிறவை உங்கள் பையில் இருக்கும் பிசோப்ரோலோல், பெரிண்டோப்ரில் மாதிரியான மருந்துகள். அதோடு டாக்டர் சொன்ன அளவுக்கு நடப்பதும் வேண்டும்.

கொழுப்பு மாத்திரையின் வேலை இனிமேல் வரக்கூடியதைத் தடுப்பது. ஸ்டென்ட் வைத்தது அடைத்துக்கொண்ட அந்த ஓர் இடத்தில் மட்டும்தான். மற்ற குழாய்களிலும் அதே கொழுப்பு, அதே வயதில், அதே சுவரில் படிந்துகொண்டு இருக்கிறது.

எங்கள் அப்பா பால்மரம், அதாவது ரப்பர் மரம் சீவியவர். சின்ன வயதில் பள்ளி விடுமுறையில் அவரோடு பால் ஸ்டோருக்குப் போவேன். வாளியிலிருந்து தொட்டியில் ஊற்றும்போது பால் தண்ணீர் மாதிரி ஓடும். அதில் ஆசிட்டைக் கலந்து கொஞ்ச நேரம் விட்டால் கையால் அள்ள முடியாத கட்டியாகிவிடும். மாரடைப்பும் ஏறக்குறைய அதுதான். குழாய்ச் சுவரில் இருக்கும் கொழுப்புப் படிவத்தின் மேல் மெல்லிய தோல் மூடியிருக்கிறது. தோல் மூடியிருக்கும்வரை ரத்தம் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். தோல் கிழிந்து உள்ளே இருக்கும் கொழகொழப்பு ரத்தத்தில் பட்டால், பாலில் ஆசிட் பட்ட கதைதான். அங்கேயே உறைந்து குழாயை அடைத்துவிடும்.

நம் கல்லீரல் தானாகவே கொழுப்பைத் தயாரிக்கிறது. ஸ்டாட்டின் என்கிற இந்தக் கொழுப்பு மாத்திரை வகை அந்தத் தயாரிப்பைக் குறைத்துவிடும். கல்லீரல் தனக்கு வேண்டியதை ரத்தத்தில் ஓடும் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பிலிருந்து இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் எல்டிஎல் குறைந்தால் படிவம் வளராது, அதன் உள்ளிருக்கும் அழற்சி அடங்கும், மேல் தோல் தடிக்கும். இது ஒரு வாரத்தில் நடக்கிற காரியமில்லை. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நடக்கிறது.

இதை நான் நம்பச் சொல்வதற்கு ஆதாரம் உண்டு. 1994-இல் ஸ்காண்டினேவிய நாடுகளில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. மாரடைப்போ நெஞ்சு வலியோ கண்ட 4,444 பேரில் பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாட்டின், பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஐந்து வருஷத்துக்கு மேல் பார்த்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 256 பேர் இறந்துபோனார்கள். சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களில் 182 பேர். நடுவில் நிற்கிற அந்த 74 பேரை நினைத்துப் பாருங்கள். எங்கள் தோட்டத்து லயத்தில் ஒரு வரிசை முழுக்கக் குடியிருந்தவர்களைவிட அதிகம்.

இந்த மருந்து வகைக்கு வழி திறந்தவர் ஜப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோ. ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைத் தேடிப் பார்த்து, 1970-களில் அரிசியில் வளர்ந்த ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். “வெள்ளைக்காரன் கெமிக்கல், உடம்புக்கு ஆகாது” என்று சொல்கிற பெரியவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுவேன். சிலர் அதைக் கேட்ட பிறகு வாங்கிக்கொண்டு போனதுண்டு.

அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். பிப்ரவரியில் கொழுப்பு இறங்கியது மாத்திரையால். செம்பனைக்கு அடியில் மருந்து அடிப்பதை நிறுத்தினால் லாலான் புல் மறுபடி முளைக்கிற மாதிரி, மாத்திரையை நிறுத்தினால் சில வாரத்தில் எல்டிஎல் பழைய இடத்துக்கே வந்துவிடும். மாரடைப்பு வந்தபோது அவருக்கு எல்டிஎல் 3.8 மில்லிமோல் இருந்தது. மாத்திரையோடு 1.9. மைலோ டின்னைப் பார்த்த வாரமே ரத்தம் கொடுக்கச் சொன்னோம், 3.7. அந்தத் தாளைக் காட்டிய பிறகு நான் வேறெதுவும் பேச வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் நாள்

மருந்துப் பையைச் சாப்பாட்டு மேசையில் கொட்டுங்கள். ஒவ்வோர் உறையையும் எடுத்து, இது எதற்கு என்று தமிழில் ஒரே வார்த்தை எழுதுங்கள்: ரத்தம் உறையாமல் இருக்க, இதயத் துடிப்புக்கு, அழுத்தத்துக்கு, கொழுப்புக்கு. பெயர் ‘ஸ்டாட்டின்’ என்று முடிந்தால் அதுதான் கொழுப்பு மாத்திரை: அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின், பிராவாஸ்டாட்டின். உறையில் நிறுவனத்தின் பெயர் மாதத்துக்கு ஒன்றாக மாறலாம், மாத்திரையின் நிறமும் மாறலாம். ‘ஸ்டாட்டின்’ பெயரும் மில்லிகிராமும் அதேதானா என்று மட்டும் பாருங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், கவுண்டரில் நான் அதிகம் கேட்டது இதுதான். “ஒரு வருஷம் சாப்பிட்டால் போதும்னு டாக்டர் சொன்னாரே?” டாக்டர் சொன்னது குளோபிடோக்ரேல் அல்லது டிக்காகிரிலோர் என்கிற ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்தைப் பற்றி. ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பொதுவாக ஒரு வருஷம்போலக் கொடுத்துவிட்டு அதை நிறுத்துவார்கள், அதையும் டாக்டர்தான் நிறுத்த வேண்டும். கொழுப்பு மாத்திரைக்கு அந்தக் கணக்கு கிடையாது. அது காலம் முழுக்க. எந்த மருந்துக்கு எவ்வளவு நாள் என்று ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்பே கேட்டு, உறையின் மேல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு 20 மில்லிகிராம், உங்களுக்கு 40 என்றால் உங்களுக்குத்தான் நோய் அதிகம் என்று அர்த்தமில்லை. மருந்துக்கு மருந்து பலம் வேறு. ரோசுவாஸ்டாட்டின் 20 என்பது அட்டோர்வாஸ்டாட்டின் 40-க்குக் குறையாது. இன்னொன்று, ரோசுவாஸ்டாட்டின் ஆசியர்களின் ரத்தத்தில் வெள்ளைக்காரர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சேர்கிறது. அதனால் நமக்குச் சின்ன அளவிலிருந்து தொடங்குவார்கள். அடுத்தவர் மாத்திரையைக் கடன் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

எந்த நேரத்தில்

சிம்வாஸ்டாட்டின் என்றால் ராத்திரிதான். கல்லீரல் ராத்திரியில் அதிகம் கொழுப்பு தயாரிக்கிறது, அந்த மருந்து உடம்பில் அதிக நேரம் நிற்பதில்லை. அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் நீண்ட நேரம் நிற்பவை, எந்த நேரத்தில் வேண்டுமானாலும் சாப்பிடலாம். தினமும் ஒரே நேரமாக இருந்தால் சரி.

அண்ணன் விஷயத்தில் பிறை போட்டதே என் தப்பு. காலை நாலரைக்கு எழுந்து வண்டி எடுக்கிற மனிதர். சாயந்தரம் குளித்துச் சாப்பிட்டு, தொலைக்காட்சிக்கு முன்னால் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். அண்ணி எழுப்பி மாத்திரை கொடுத்தால் எரிந்து விழுவார். எரிச்சலுக்குப் பயந்து அண்ணி சில நாள் விட்டிருக்கிறார். அப்படி ஒன்றிரண்டு நாள் விட்டுப் பழகியதுதான் பிப்ரவரிக்குப் பிறகு அடியோடு நின்றுபோனது. மருந்தாளரிடம் கேட்டுவிட்டு அதைக் காலைக்கு மாற்றினோம். இப்போது காலைக் கோப்பிக்குத் தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் ஆஸ்பிரினோடு சேர்த்து விழுங்கிவிடுகிறார். உங்கள் வீட்டிலும் நோயாளியின் நாள் எப்படி ஓடுகிறது என்று பார்த்து நேரத்தை வையுங்கள். உறையில் ‘மாலாம்’ என்று இருந்தால், மாற்றலாமா என்று மருந்தாளரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

ஏழு நாளுக்கும் ஏழு அறை உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நிரப்புங்கள். புதன்கிழமை அறையில் மாத்திரை கிடந்தால் புதன்கிழமை சாப்பிடவில்லை என்பது வாக்குவாதம் இல்லாமல் தெரிந்துவிடும். ஒரு நாள் மறந்தால் மறுநாள் வழக்கமான நேரத்தில் ஒன்று மட்டும். இரண்டாகச் சேர்த்து விழுங்க வேண்டாம். டப்பாவை லாரியிலோ மோட்டார் கூடையிலோ வெயிலில் வைக்காதீர்கள், இந்த மாத்திரைகள் 30 டிகிரிக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும்.

‘நோர்மல்’ என்ற சொல்லோடு திருப்தி அடையாதீர்கள்

மாத்திரை தொடங்கி ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். எடுக்கவில்லையென்றால் நீங்களே கேளுங்கள். முடிவு வந்ததும் “நோர்மல்” என்று சொன்னால், எல்டிஎல் எத்தனை என்று எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஆய்வகத் தாளில் நோர்மல் என்று அச்சடிக்கும் எல்லை மாரடைப்பு வராதவர்களையும் சேர்த்துப் போட்டது. வந்தவருக்குக் கணக்கு வேறு. எல்டிஎல் 1.4 மில்லிமோலுக்குக் கீழே இருக்க வேண்டும், அதோடு மருந்துக்கு முன் இருந்ததில் பாதிக்காவது இறங்கியிருக்க வேண்டும் என்பதே இப்போது இதய மருத்துவர்கள் வைக்கும் குறி. தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்களோடு ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள், அங்கே மில்லிகிராம் கணக்கு. நம் 1.4 அங்கே 55-க்குப் பக்கம்.

மாரடைப்பு வந்த மறுநாளிலிருந்து சில வாரத்துக்கு எல்டிஎல் தானாகவே குறைந்து காட்டும். வார்டில் எடுத்த எண் குறைவாக இருந்தது, அப்புறம் எதற்கு இவ்வளவு பெரிய டோஸ் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

அண்ணனின் 1.9 இதனால்தான் போதாத எண். பாதியாக இறங்கியிருந்தது, ஆனால் குறியைத் தொடவில்லை. “நல்லா இறங்கிடுச்சு” என்பது வரைக்கும்தான் அவர் காதில் விழுந்திருக்கிறது. மறுபடி தொடங்கியபோது டோஸை 80-க்கு ஏற்றி, எசெடிமைப் என்ற இன்னொரு மாத்திரையும் சேர்த்தார்கள். ஸ்டாட்டினை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் இன்னும் ஆறு சதவீதம்போலத்தான் குறையும். எசெடிமைப் குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால் கூடுதலாக ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதனால் இரண்டாவது மாத்திரை எழுதினால் நோய் முற்றிவிட்டது என்று பயப்பட வேண்டாம். கடைசியாக எடுத்ததில் அண்ணனுக்கு 1.3.

ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கி, தேதி, எல்டிஎல், சர்க்கரை, அழுத்தம் என்று நாலு கட்டம் போட்டு எழுதி வாருங்கள். தனியார் கிளினிக், அரசாங்கக் கிளினிக், ஈப்போ ஆஸ்பத்திரி என்று மூன்று இடத்துக்கு அலைகிறவருக்கு அந்த நோட்டு ஒன்றுதான் நிரந்தரம்.

கால் வலிக்கிறது என்றால்

மாத்திரையை நிறுத்துகிறவர்கள் சொல்லும் இரண்டாவது காரணம் தசை வலி. வலி பொய் என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு மருந்தால் உண்மையிலேயே வருகிறது. ஆனால் 2020-இல் லண்டனில் செய்த ஓர் ஆய்வின் முடிவு வந்தது. பக்கவிளைவால் ஸ்டாட்டினை விட்ட 60 பேருக்கு, ஒரு வருஷத்தில் நாலு மாதம் ஸ்டாட்டின், நாலு மாதம் வெறும் மாத்திரை, நாலு மாதம் ஒன்றுமில்லை என்று கலந்து கொடுத்து, தினமும் வலியை எழுதச் சொன்னார்கள். எந்தப் புட்டியில் எது என்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்டாட்டின் மாதங்களில் வந்த தொல்லையில் 90 சதவீதம் வெறும் மாத்திரை மாதங்களிலும் வந்தது. வலி இருந்தது, ஆனால் பெரும்பகுதி மருந்தால் வந்ததில்லை. பயந்துகொண்டே சாப்பிட்டால் உடம்பும் கூடவே வலிக்கிறது.

அதனால் வலி வந்தால் இப்படிச் செய்யுங்கள். எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, அன்று என்ன வேலை செய்தீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். மருந்தால் வரும் வலி பெரும்பாலும் இரண்டு தொடையிலும், அல்லது இரண்டு தோளிலும் சமமாக வரும். கிளட்ச் மிதிக்கிற இடது காலில் மட்டும் வலித்தால் அது வேறு. அப்புறம் டாக்டரிடம் போய், தசை பாதிப்பைக் காட்டும் சிகே என்ற ரத்தப் பரிசோதனை கேளுங்கள், தைராய்டையும் பார்ப்பார்கள். மருந்துதான் காரணம் என்றால் டோஸைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கலாம், எசெடிமைப்பைச் சேர்க்கலாம். இத்தனை வழி இருக்கும்போது நாமாக நிறுத்துவது நியாயமில்லை.

ஒரே ஒரு நிலையில் அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தசை தாங்க முடியாமல் வலித்து, நாற்காலியிலிருந்து எழ முடியாத பலவீனம் வந்து, சிறுநீர் பாலில்லாத கோப்பி நிறத்தில் போனால். தசை உடைந்து சிறுநீரகத்துக்குப் போகிறது என்று அர்த்தம். இது மிக அரிது. என் 26 வருஷத்தில் கவுண்டருக்கு அப்படி வந்தவர் ஒரே ஒருவர், அவரும் ஒரு மாத்திரைக்குப் பதில் மூன்று சாப்பிட்டவர். கண் மஞ்சளானாலும் உடனே காட்டுங்கள். சர்க்கரை கொஞ்சம் ஏறலாம். சர்க்கரை நோய் வரும் விளிம்பில் இருப்பவர்களுக்கு இது நடக்கும். அதற்காக நிறுத்த மாட்டார்கள். அடுத்த மாரடைப்பைத் தடுப்பதில் கிடைக்கும் லாபம் அதைவிடப் பெரியது.

பம்பளிமாஸும் மற்ற மருந்துகளும்

ஈப்போ ரோட்டில் தம்புன் பக்கம் போனால் வழிநெடுகப் பம்பளிமாஸ் தொங்கவிட்டிருப்பார்கள். சீனப் பெருநாள் வந்தால் எல்லா வீட்டிலும் இருக்கும். இந்தப் பழமும் அதன் உறவான கிரேப்ஃப்ரூட்டும் குடலில் மருந்தை உடைக்கும் ஒரு நொதியைத் தடுக்கும். அதனால் சிம்வாஸ்டாட்டினும் அட்டோர்வாஸ்டாட்டினும் ரத்தத்தில் அளவுக்கு மேல் சேரலாம். இந்த இரண்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பம்பளிமாஸைத் தவிர்த்துவிடுவதே நல்லது. ரோசுவாஸ்டாட்டினுக்கும் பிராவாஸ்டாட்டினுக்கும் இந்தத் தொல்லை இல்லை. பழத்தின் மேல் உயிரையே வைத்திருக்கிறவர் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றிக் கொடுக்கலாம்.

சளி, இருமல் என்று தனியார் கிளினிக்குக்குப் போனால் “கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறேன்” என்று முதலில் சொல்லுங்கள். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயோட்டிக்குகளும், பூஞ்சைக்குச் சாப்பிடும் இட்ராகோனசோலும் பம்பளிமாஸ் செய்கிற அதே வேலையை இன்னும் பலமாகச் செய்யும். கௌட் என்ற மூட்டு வலிக்குக் கொடுக்கும் கொல்கிசின் சேர்ந்தாலும் தசைக்கு ஆபத்து கூடும். அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவருக்கு சிம்வாஸ்டாட்டின் 20-க்கு மேல் போகக் கூடாது.

சீன மருந்துக் கடையில் விற்கும் சிவப்பு அரிசி, அதாவது அங்காக், கொழுப்பைக் குறைக்கும் என்பார்கள். குறைக்கும், ஏனென்றால் அதில் இருப்பதும் லோவாஸ்டாட்டின் என்ற ஒரு ஸ்டாட்டின்தான். எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. மாத்திரையோடு அதையும் சேர்ப்பது இரண்டு டோஸ் சாப்பிடுவது மாதிரி. பாசார் மாலாம் என்ற ராத்திரிச் சந்தையில் விற்கும் ஜாமு என்ற நாட்டு மருந்து வலி மாத்திரைகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பல தடவை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத எதையும் வாயில் போடாதீர்கள்.

வெந்தயமும் பூண்டும் சாப்பிடுங்கள், நல்லதுதான். மாத்திரைக்குப் பதிலாக அல்ல. தேங்காய்ப்பால் குழம்பு, ஆட்டுக்கொழுப்பு, ரொட்டி சானாய் எல்லாவற்றையும் குறைத்தாலும் எல்டிஎல் ஓரளவுதான் இறங்கும். சாப்பாட்டில் இல்லாவிட்டாலும் கல்லீரல் தயாரித்துக்கொண்டே இருக்கும். சிகரெட் மட்டும் விதிவிலக்கு. அதை இன்றைக்கே விட வேண்டும், அதில் பேரம் கிடையாது.

மருந்து தீராமல் பார்த்துக்கொள்ள

அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு, அதாவது ஒரு ரிங்கிட்டுக்குப் பார்த்து, மருந்தும் கொடுக்கிறார்கள். காசு இல்லாமல் மருந்து விட்டேன் என்கிற நிலை இங்கே வரக் கூடாது. ஈப்போவில் சிகிச்சை எடுத்தவர் ஒவ்வொரு மாதமும் மருந்துக்காக மட்டும் அங்கே போக வேண்டியதில்லை. எஸ்பியுபி என்ற திட்டத்தில் பெயர் கொடுத்தால் உங்கள் ஊர் கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்ளலாம். மருந்தைத் தபாலில் அனுப்பும் சேவையும் இருக்கிறது. கவுண்டரில் ‘எஸ்பியுபி’ என்று சொன்னாலே புரிந்துகொள்வார்கள். எங்கள் தோட்டத்து மக்களில் பலருக்கு இது தெரியவே தெரியாது, கேட்டால்தான் சொல்வார்கள்.

தைப்பூசத்துக்குப் பினாங்கு போகிறீர்கள், பிள்ளையைப் பார்க்கச் சிங்கப்பூர் போகிறீர்கள் என்றால் ஒரு வாரம் முன்பே போய்க் கேளுங்கள். மீதி மாத்திரை ஏழு ஆகும்போதே அடுத்ததை வாங்கிவிட வேண்டும் என்று வீட்டில் ஒரு கணக்கு வையுங்கள். அண்ணி இப்போது அட்டையின் பின்பக்கம் ஏழாவது மாத்திரைக்கு மேல் சிவப்புப் பேனாவால் கோடு போடுகிறார்.

உங்களுக்கு 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்திருந்தால் பிள்ளைகளுக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு தடவை கொழுப்பு பார்த்துவிடுங்கள். சில குடும்பங்களில் அது ரத்தத்திலேயே வருகிறது. மருந்து சாப்பிடும் பெண் கர்ப்பமாக நினைத்தால் முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாலும் நெஞ்சு வலி திரும்ப வரலாம். வந்தால் உட்காருங்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்திருந்தால் ஒன்று வையுங்கள். ஐந்து நிமிஷத்தில் அடங்கவில்லையென்றால் 999-க்கு அழையுங்கள். மோட்டாரில் பின்னால் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாதீர்கள், வாசலில் நின்று அண்ணன் தம்பியைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். எந்த மாத்திரை எவ்வளவு என்று எழுதிய அந்த நோட்டையும் ஆம்புலன்ஸில் கூட ஏற்றி அனுப்புங்கள்.